சக்கரச் சுவடும் பொறுப்புணர்வும்

சாலை, ஒரு நாட்டின் நாகரிக வளர்ச்சியை அளந்து காட்டும் கோல்களுள் ஒன்று. விளைந்த பொருளைச் சந்தைக்கும், படிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கும், நோயுற்றவரை மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பது அது. ஆயினும் மனித மனம் சாலை முடியும் இடத்தோடு நின்று அமைதி கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறியும் வேட்கை, கால்நடையாக அலைந்த காலந்தொட்டே மனிதனை உந்தி வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வேட்கைக்குப் புதிய கருவி ஒன்று கிடைத்தது. சேற்றிலும் மணலிலும் பாறையிலும் ஏறிச் செல்லும் நான்கு சக்கர இயக்க ஊர்தியே அக்கருவி.

பொதுவாகக் கார்களில் பொறியின் ஆற்றல் முன்சக்கரங்களுக்கோ பின்சக்கரங்களுக்கோ மட்டுமே செல்லும். அவை சேற்றில் சிக்கி வீணே சுழன்றால் வண்டி நின்றுவிடும். முன்னும் பின்னுமாக நான்கு சக்கரங்களும் ஒருசேர நிலத்தைப் பற்றி இயங்குமாயின், சாலையே இல்லாத இடத்திலும் வண்டி வழி கண்டுகொள்ளும். மிகத் தாழ்ந்த பல்லிணைப்பும் அதனோடு சேரும்பொழுது, மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைந்த வேகத்தில் செங்குத்தான பாறைச் சரிவையும் ஏறிவிடும்.

இக்கருவி பிறந்த வரலாறும், அதனை நேசித்தோர் கூட்டமாகத் திரண்ட வரலாறும், அக்கூட்டத்தாலேயே நிலம் புண்பட்ட வரலாறும், பின்னர் அவர்களே அப்புண்ணை ஆற்ற முன்வந்த வரலாறும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. உரிமை எவ்விடத்தில் கடமையாக மாறுகிறது என்னும் பழைய வினாவுக்கு இவ்வரலாறு தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது.

போர்க்களத்திற்காகப் பிறந்தது

1940ஆம் ஆண்டு ஐரோப்பாவில் போர்த்தீ மூண்டெரிந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கப் படைத்துறை, எடை குறைந்ததும் எந்நிலத்திலும் ஓடவல்லதுமான சிறு ஊர்தி ஒன்றை விரும்பியது. 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. முதல் மாதிரி வண்டியை 49 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது கட்டளை. இத்துணைக் குறுகிய காலத்தைக் கண்டு பெரிய நிறுவனங்கள் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்னும் ஊரில் நலிவுற்றிருந்த பான்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்து முன்வந்தது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைபடங்களைத் தீட்டித் தந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் முதல் வண்டி படைத்துறையின் ஆய்வுக்களத்தை வந்தடைந்தது.

ஆயின், படைத்துறைக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கையில் வண்டிகளைச் செய்து தரும் வலிமை பான்டம் நிறுவனத்திற்கு இல்லை. பெரும் ஒப்பந்தங்கள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கே சென்றன. போர் முடியுமுன் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் வண்டிகள் வெளிவந்தன. வட ஆப்பிரிக்காவின் மணலிலும், பர்மாவின் சேற்றிலும், பசிபிக் தீவுகளின் கடற்கரைகளிலும் அவை ஓடின. ஜீப் என்னும் பெயர் உலகமெங்கும் பரவியது.

போரின் தேவை ஒன்றுதான்: எவ்விடமாயினும் செல்ல வேண்டும். சென்ற பின் அவ்விடம் என்னவாகும் என்று போர்க்காலத்தில் எவரும் கேட்பதில்லை. அந்த வினாவைக் கேட்காத பழக்கமும் வண்டியோடு சேர்ந்து அமைதிக் காலத்திற்குள் நுழைந்தது.

உழவனின் தோழன்

1945ஆம் ஆண்டில் வில்லிஸ் நிறுவனம் குடிமக்களுக்கான ஜீப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வயலில் கலப்பை இழுக்கவும், பொறிகளைச் சுழற்றவும், சரக்கு ஏற்றவும் வல்லது என்று உழவர்களிடையே அது அறிமுகமாயிற்று. படைத்துறை கழித்துவிட்ட ஜீப்புகளும் மக்களின் கைக்கு வந்தன.

பிரிட்டனில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவிலிருந்த தம் பண்ணையில் ஒரு போர்க்கால ஜீப்பைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் போன்ற வண்டியைத் தம் நிறுவனமே செய்யலாகாதா என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. 1947ஆம் ஆண்டில் அத்தீவின் கடற்கரை மணலில் அவ்வண்டியின் வடிவத்தை அவர் கோடிட்டுக் காட்டினார் என்பது அந்நிறுவனம் போற்றி வரும் செய்தி. போருக்குப் பின் எஃகு தட்டுப்பாடாக இருந்தமையால், உடற்பகுதி அலுமினியக் கலவையால் ஆயிற்று. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின்முன் நின்றது. 1951ஆம் ஆண்டில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் செய்த வண்டி ஃபூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏறிக் காட்டியது. அவ்வழியில் வந்ததே 1954ஆம் ஆண்டில் லேண்ட் குரூசர் என்று பெயர் பெற்ற வண்டி.

கடற்கரை மணலில் வரைந்த கோட்டை அடுத்த அலை அழித்துவிடும். பின்னர் அவ்வண்டிகள் ஏறிச் சென்ற நிலங்களிலோ, சுவட்டை அழிக்க அலைகள் இல்லை. இதனை மக்கள் உணர நெடுங்காலம் ஆயிற்று.

இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை

இவ்வூர்தியின் புகழை உலகறியச் செய்த பயணங்களுள் ஒன்று சிங்கப்பூரில் வந்து முடிந்தது என்பது நம் வட்டாரத்து மாணவர் அறியத்தக்க செய்தி. 1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனை விட்டுப் புறப்பட்டனர். ஒன்று கருநீலம், மற்றொன்று வெளிர்நீலம். தத்தம் பல்கலைக்கழகத்தின் பெயரையே வண்டிகளுக்குச் சூட்டியிருந்தனர்.

ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் இந்தியாவையும் கடந்த பின்னரே அவர்களுக்கு உண்மையான சோதனை காத்திருந்தது. அசாமிலிருந்து பர்மாவுக்குள் செல்லும் லீடோ சாலை போர்க்காலத்தில் பெரும்பாடுபட்டு அமைக்கப்பெற்றது. போர் முடிந்தபின் பேணுவாரற்றுப் போனமையால், காடு அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. பாலங்கள் வீழ்ந்திருந்தன. மண்சரிவுகள் வழியை மறித்தன. அவற்றையெல்லாம் தாண்டித் தாய்லாந்து வழியாக, அவசரகாலச் சட்டம் நடப்பிலிருந்த மலாயாவுக்குள் புகுந்து, 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர். அறுவருள் ஒருவரான டிம் ஸ்லெசர் பின்னர் இப்பயணத்தை நூலாக எழுதினார். 2019ஆம் ஆண்டில் அதே ‘ஆக்ஸ்ஃபோர்டு’ வண்டி செப்பனிடப்பெற்று, சிங்கப்பூரில் புறப்பட்டு இலண்டனைச் சென்றடைந்தது.

இரண்டே வண்டிகள் ஒருமுறை செல்லும் காட்டு வழியில் பெரும் கேடு விளைவதில்லை. அடுத்து வரும் மழைக்காலம் அச்சுவட்டை மூடிவிடும். ஒரே வழியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் செல்லத் தொடங்கும்பொழுதுதான் நிலத்தின் கதை மாறுகிறது. அம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் இடம் கலிபோர்னியாவிலுள்ள ரூபிகான் வழி.

கூட்டம் கூடிய கதை

சியரா நெவாடா மலைத்தொடரில், ஜார்ஜ்டவுன் என்னும் பழைய பொன்வேட்டை ஊரின் பக்கமிருந்து தாஹோ ஏரியை நோக்கிச் செல்வது ரூபிகான் வழி. அதன் நீளம் ஏறத்தாழ 22 மைல். பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும் அவ்வழி நெடுகிலும் கருங்கல் பாறைகளும் மலை ஏரிகளும் ஊசியிலை மரங்களும் நிறைந்துள்ளன. குதிரை வண்டிக் காலத்தில் அவ்வழியிலுள்ள நீரூற்றருகே விடுதியும் இருந்தது. 1887ஆம் ஆண்டிலேயே எல் டொராடோ மாவட்ட ஆட்சி அதனைப் பொதுச்சாலை என்று அறிவித்திருந்தது. காலப்போக்கில் அச்சாலை பாழ்பட்டுப் பாறைத் தடமாயிற்று.

அந்தப் பாழ்வழியை ஊருக்கு வாழ்வளிக்கும் வழியாக ஆக்கலாம் என்று ஜார்ஜ்டவுன் மக்கள் எண்ணினர். மார்க் ஸ்மித் என்பவர் அவர்களுள் முதன்மையானவர். 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் 55 ஜீப்புகளில் 155 பேர் அவ்வழியைக் கடந்தனர். ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்னும் அவ்விழா ஆண்டுதோறும் தொடர்ந்தது. பாறையின்மேல் ஒரு சக்கரத்தை எவ்விடத்தில் வைப்பது என்று ஒருவர் கைகாட்ட, மற்றவர் ஓட்டுவது. சிக்கிய வண்டியை அடுத்த வண்டி இழுப்பது. உடைந்த உறுப்பைக் காட்டிலேயே சேர்ந்து செப்பனிடுவது ஆகிய பழக்கங்கள் அறிமுகமற்றோரையும் நண்பராக்கின. தனியொருவனால் கடக்கவியலாத வழி மனிதரைக் கூட்டாளிகளாக ஆக்கியது.

யூட்டா மாநிலத்து மோவாப் என்னும் சிற்றூரிலும் இதுவே நிகழ்ந்தது. 1950களில் யுரேனியக் கனிமம் தேடியோர் செம்பாறைகளுக்கிடையே எண்ணற்ற வழிகளை வெட்டிவிட்டிருந்தனர். அத்தேடல் ஓய்ந்தபின், 1967ஆம் ஆண்டு முதல் அவ்வூர் வணிகக் கழகம் ஈஸ்டர் நாள்களையொட்டி ஜீப் பயணத்தை நடத்தத் தொடங்கியது. அங்கும் ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது.

மண் மறப்பதில்லை

கூட்டம் பெருகிய நிலம் எத்தகையது என்பதை அறிந்தாலன்றிப் பின்னர் எழுந்த சிக்கல் விளங்காது. அதற்கு மொஹாவிப் பாலையும் அதனைச் சூழ்ந்த வறண்ட நிலங்களும் நல்ல சான்றுகள்.

1942ஆம் ஆண்டில் தளபதி ஜார்ஜ் பேட்டன், வட ஆப்பிரிக்கப் போருக்குப் படைகளைப் பயிற்றுவிக்க அப்பகுதியில் ஒரு பயிற்சிக்களம் அமைத்தார். கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் அது ஏறத்தாழ 18,000 சதுர மைல் பரப்பாக விரிந்தது. டாங்கிகளும் சரக்குந்துகளும் ஜீப்புகளும் அப்பாலையில் இங்குமங்குமாக ஓடின. 1944ஆம் ஆண்டில் களம் மூடப்பெற்றது. படைகள் போய்விட்டன, தளபதியும் மறுவாண்டே மறைந்தார். எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும், அன்று பதிந்த சுவடுகள் பலவிடங்களில் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இதற்குக் காரணம் எளியது. பாலை மண்ணில் சக்கரம் ஏறும்பொழுது மண்துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. எப்போதோ பெய்யும் சிறு மழையும் உட்புகாமல் வழிந்தோடுகிறது. வேர் இறங்க வழியில்லை. ஈரமும் மண்புழுவும் மிகுந்த வளநிலம் சில ஆண்டுகளில் தன்னைத் தளர்த்திக்கொள்ளும். பாலைக்கு அவ்வாய்ப்பு இல்லை. நசுங்கிய மண் பழைய நிலையை அடைய ஒரு நூற்றாண்டும் ஆகக்கூடும் என்பது மண்ணியல் ஆய்வாளர் கண்ட முடிவு.

மோவாப் பகுதியில் மண்ணின் மேற்பரப்பே ஓர் உயிர்ப்படலம். கண்ணுக்குப் புலப்படாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள், பாசிகள், மரப்பாசிகள் ஆகியவை மணல்துகள்களை நூலால் கட்டியதுபோல் பிணைத்துக் கருநிறப் பொருக்காக்கி வைத்துள்ளன. காற்று மண்ணை வாரிச் செல்லாமல் காப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தருவதும் அப்படலமே. ஒரு சக்கரம் ஒரு நொடியில் அதனைத் தூளாக்கிவிடும். அது மீண்டும் முழுமை பெறப் பல பதின்ம ஆண்டுகள் வேண்டும். வழியை விட்டு இருபதடி விலகி வண்டியை நிறுத்துபவன் கண்ணுக்கு அது வெறும் மண்ணாகவே தோன்றும். கெட்ட எண்ணத்தினும் அறியாமையே இங்கே மிகுந்த கேடு செய்தது.

கொலராடோ ஆற்றின் அருகே பிளைத் என்னும் ஊரையடுத்துப் பழங்குடி மக்கள் பாலைத் தரையில் மாபெரும் மனித உருவங்களையும் விலங்குருவங்களையும் வரைந்து வைத்துள்ளனர். மேற்பரப்பிலுள்ள கருங்கற்களை ஒதுக்கி, அடியிலுள்ள வெளிர்மண் தோன்றுமாறு செய்ததே அவ்வோவியத்தின் முறை. அவ்வுருவங்களின்மீதும் சக்கரச் சுவடுகள் ஏறிவிட்டன. அவற்றைச் சுற்றி வேலியிட நேர்ந்தது. நூற்றாண்டுகளாக நின்ற கோடும், ஒரு மாலைப்பொழுதில் பதிந்த கோடும் ஒரே தரையில் ஒன்றாகக் கிடக்கின்றன. எது பேணத்தக்கது என்று மண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் அது ஒருபோலவே வைத்துக்கொள்கிறது.

சட்டம் வந்த வரலாறு

1960களிலும் 1970களிலும் ஜீப்புகளோடு மோட்டார் சைக்கிள்களும் பனிவண்டிகளும் சேர்ந்து பொதுநிலங்களில் பெருகின. ஓய்வுநேரமும் வருவாயும் மிகுந்த மக்கள் நகரத்தை விட்டு வெளியேறத் துடித்தனர். பார்ஸ்டோ என்னும் ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் நோக்கிப் பாலையினூடே நடந்த பந்தயத்தில், 1974ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,000 மோட்டார் சைக்கிள்கள் கலந்துகொண்டன. அப்பந்தயத்திற்குப் பின்னர் சில ஆண்டுகள் இசைவு மறுக்கப்பட்டது.

இதற்கு முன்னரே, 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் ஆணை ஒன்றைப் பிறப்பித்திருந்தார். பொதுநிலங்களில் இவ்வண்டிகள் செல்லத்தக்க இடம் எது, தகாத இடம் எது என்று அந்தந்தத் துறைகள் வரையறுக்க வேண்டும். மண்ணுக்கும் நீருக்கும் காட்டுயிர்க்கும் விளையும் கேட்டையும், பிற மக்களோடு எழும் பூசலையும் குறைக்கும் வகையில் அவ்வரையறை அமைய வேண்டும் என்பது அதன் சாரம். 1977ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கார்ட்டர், பெருங்கேடு விளையும் வழியை உடனே மூடும் அதிகாரத்தையும் அத்துறைகளுக்கு வழங்கினார். 1990ஆம் ஆண்டில் மொஹாவிப் பாலையின் ஆமை, அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளையில் வாழும் அவ்வாமைக்குப் பல இடர்கள் உண்டு. சக்கரங்களால் வளை இடிவதும் அவற்றுள் ஒன்று.

எனினும், எழுதிய ஆணை வேறு; காட்டில் நடப்பது வேறு. பல இலட்சம் ஏக்கர் நிலத்தைக் காக்கச் சில காவலரே இருந்தனர். நெறியற்ற பொழுதுபோக்குப் பயணத்தை, நாட்டின் காடுகளுக்கு நேர்ந்துள்ள நான்கு பெரும் இடர்களுள் ஒன்றென அமெரிக்க வனத்துறைத் தலைவர் டேல் பாஸ்வொர்த் 2003ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 2005ஆம் ஆண்டில், குறிக்கப்பெற்ற வழிகளிலும் இடங்களிலுமன்றி வேறெங்கும் ஊர்திகள் செல்லலாகாது என்னும் விதியை அத்துறை கொண்டுவந்தது. அதுவரை, மூடாத இடமெல்லாம் திறந்த இடம் என்பது பெரும்பான்மை வழக்கு. அதன்பின், திறந்ததென்று குறிக்காத இடமெல்லாம் மூடிய இடம் என்றாயிற்று.

மூடப்பட்ட ஏரிக்கரை

சட்டத்தால் மட்டும் நிலம் காக்கப்படுவதில்லை என்பதற்கு ரூபிகான் வழியே சான்று. 2004ஆம் ஆண்டில், அவ்வழியிலுள்ள ஸ்பைடர் ஏரிக்கரையில் தங்குவதை எல் டொராடோ மாவட்டச் சுகாதார அதிகாரிகள் தடை செய்தனர். காரணம், எவரும் மேடையில் பேச விரும்பாத ஒன்று, மனிதக் கழிவு. கருங்கல் நிலத்தில் புதைக்க மண் இல்லை. ஆண்டுதோறும் வந்து தங்கியோர் விட்டுச் சென்றது ஏரியோரத்திலேயே தங்கியது. இயற்கையழகை நாடி வந்தோராலேயே அவ்வழகிய ஏரிக்கரை நோய் பரப்பும் இடமாகிவிட்டது.

2009ஆம் ஆண்டில் நீர்வளக் காப்பு வாரியம் மாவட்ட ஆட்சிக்கும் வனத்துறைக்கும் கடுமையான ஆணை ஒன்றை அனுப்பியது. மழைநீரோடு ஓடையில் கலக்கும் வண்டல், பாறையில் மோதி உடைந்த வண்டிகளிலிருந்து சிந்தும் எண்ணெய், மனிதக் கழிவு ஆகிய மூன்றையும் தடுக்க வேண்டும் என்பது அவ்வாணை. தவறினால் வழியே மூடப்படலாம் என்னும் அச்சம் எழுந்தது.

இந்நிலையில் ஆர்வலர் கூட்டத்தின்முன் இரண்டு வழிகள் இருந்தன. பொதுச்சாலையில் செல்வது எம் உரிமை என்று வழக்காடுவது ஒன்று. அவ்வுரிமைக்கு உரியவராகத் தம்மை ஆக்கிக்கொள்வது மற்றொன்று. 1887ஆம் ஆண்டு அறிவிப்பு அவர்கள் கையில் இருந்தது; அதனை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆனால், அதனை மட்டும் நம்பியும் இருந்துவிடவில்லை. 2001ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்த ‘ரூபிகான் நண்பர்கள்’ என்னும் தொண்டர் அணி முனைந்து உழைத்தது. நீர் வழிந்தோட வாய்க்கால்கள் வெட்டினர். அரித்த இடங்களில் கல் பாவினர். வழியை விட்டு விலகிச் சென்ற கிளைத்தடங்களைப் பாறையிட்டு அடைத்தனர். ஓடைகளின்மீது பாலங்கள் எழுந்தன. வழியின் தொடக்கத்தில் தொண்டர்கள் அமர்ந்து, கழிவைக் கட்டி எடுத்துச் செல்லும் பைகளையும், சிந்திய எண்ணெயை உறிஞ்சும் பொருள்களையும் வருவோர்க்கு வழங்கலாயினர். ஒருகாலத்தில் பாறையேறும் திறத்தால் பெருமை கொண்ட கூட்டம், தன் கழிவைத் தானே சுமந்து வெளியேறுவதைப் பெருமையாகக் கருதக் கற்றுக்கொண்டது.

அவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது. அதனைத் திறந்து வைத்திருப்பதில் சட்டத்திற்குப் பங்குண்டு. அத்தொண்டர்களின் மண்வெட்டிக்கு அதனினும் பெரிய பங்குண்டு.

ஐந்து நெறிகள்

இப்பொறுப்புணர்வு ஒரே நாளில் முளைத்ததன்று. 1985ஆம் ஆண்டில் அமெரிக்க வனத்துறை ‘மெல்ல மிதித்துச் செல்க’ என்னும் பொருள்பட ‘டிரெட் லைட்லி’ என்ற அறிவுறுத்தல் இயக்கத்தைத் தொடங்கியது. 1990ஆம் ஆண்டில் அது ஆதாயம் கருதாத தனி அமைப்பாயிற்று. பொறுப்போடு பயணம் செய்தல், பிறர் உரிமையை மதித்தல், செல்லுமுன் கற்றறிதல், ஊறுபடக்கூடிய இடங்களைத் தவிர்த்தல், தம் பங்கை ஆற்றுதல் என்னும் ஐந்து நெறிகளை அது பரப்பி வருகிறது.

இந்நெறிகள் ஓட்டுநரின் கையில் எவ்வாறு செயலாகின்றன என்பது அறியத்தக்கது. மணலில் செல்லுமுன் டயரின் காற்றைக் குறைத்தால், டயர் அகன்று எடையைப் பரப்பும். சக்கரம் தோண்டாமல் மிதந்து செல்லும். வழியில் சேற்றுக்குட்டை இருந்தால் அதன் நடுவே செல்ல வேண்டும். ஓரமாக ஒதுங்கிச் செல்லச் செல்ல ஒரு வழி மூன்று வழியாக அகன்றுவிடும். ஓடையைக் குறிக்கப்பெற்ற துறையில் மட்டும், மெதுவாக, நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சிக்கிய வண்டியை இழுக்க மரத்தில் எஃகுக் கம்பியைக் கட்டினால் அது பட்டையை அறுத்து மரத்தையே கொன்றுவிடும். அகன்ற துணிப்பட்டையைச் சுற்றியே கட்ட வேண்டும். பெருமழைக்குப் பின் வழி உலரும்வரை காத்திருக்க வேண்டும். சக்கரத்தைச் சீறிச் சுழலவிடுவது திறமையின் அடையாளமன்று. திறமை இன்மையின் அடையாளம் என்பதே தேர்ந்த ஓட்டுநர் கருத்து.

தமிழ் மாணவர்க்கு இந்நெறி புதியதன்று. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகிறார். தலைவன் முல்லை நிலத்தினூடே தலைவியை நாடி விரைந்து வருகிறான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் மணியோசையால் கலங்கிவிடுமே என்றஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு அவன் வருகிறான். அவன் பயணத்தை நிறுத்தவில்லை, விரைவையும் குறைக்கவில்லை. தான் செல்லும் நிலத்தில் தனக்கு முன்னரே வாழ்வோர் உளர் என்பதை மட்டும் அவன் மறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்து நெறிகளாக வகுத்துரைத்ததை, சங்கப் புலவர் ஒரு மணியின் நாவைக் கட்டிக் காட்டிவிட்டார்.

மழைக்காட்டின் பாடம்

மலேசியாவிலும் இவ்வார்வலர் கூட்டம் வளர்ந்து வந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டு முதல் ‘மழைக்காட்டு அறைகூவல்’ எனத்தக்க ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் என்னும் போட்டி இங்கே பருவமழைக் காலத்தையொட்டி நடந்து, பல நாட்டு ஓட்டுநரையும் ஈர்த்தது. ஆயின் பாலையின் சிக்கலும் மழைக்காட்டின் சிக்கலும் வேறுவேறு. பாலையில் சுவடு அழிவதில்லை. மழைக்காட்டில் சுவடு ஓடையாகிவிடுகிறது. சரிவான மண்வழியில் சக்கரம் பதித்த இரட்டைப் பள்ளங்களில் மழைநீர் பாய்கிறது, பள்ளம் ஆழ்கிறது, கரைந்த செம்மண் கீழேயுள்ள ஆற்றை அடைகிறது. மீன் முட்டையிடும் கூழாங்கற்களை வண்டல் மூடுகிறது. அவ்வாற்று நீரைக் குடித்துக் குளித்து வாழ்வோர் வண்டியோட்டியைக் கண்டதில்லை. அவன் விட்டுச் சென்ற சேற்றை மட்டுமே காண்கின்றனர்.

இவ்வூர்திகள் நன்மைக்கும் துணையாகும் என்பதற்குச் சபா மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. 1980ஆம் ஆண்டு முதல் 2000ஆம் ஆண்டு வரை நடந்த கேமல் டிராபி என்னும் புகழ்பெற்ற பயணப் போட்டி, 1993ஆம் ஆண்டில் சபாவில் நடைபெற்றது. அவ்வாண்டு அணியினர் மாலியாவ் பள்ளத்தாக்கில் ஆய்வாளர்க்குரிய ஒரு தங்குமனையை அமைத்தனர். ‘தொலைந்த உலகம்’ என்று புகழப்பெறும் அப்பள்ளத்தாக்கு 588 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1997ஆம் ஆண்டில் முதல்தரக் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. அம்மனைக்குப் போட்டியின் பெயரே நிலைத்துவிட்டது. அப்பள்ளத்தாக்கின் உட்பகுதிக்கு இன்று செல்வோர் கால்நடையாகவே செல்கின்றனர். சில நிலங்களில் ஊர்தியின் மிகச் சிறந்த பணி, காட்டின் வாயில்வரை கொண்டு சேர்த்துவிட்டு அங்கே நின்றுவிடுவதேயாகும்.

முடிவுரை

எட்டுப் பதின்ம ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. எங்கும் செல்லலாம் என்னும் ஆற்றலை மனிதனுக்கு ஒரு போர் தந்தது. எங்குச் செல்லலாகாது என்னும் அறிவை அவன் தானாகவே தேடிப் பெற வேண்டியிருந்தது. முன்னதற்கு 49 நாள்கள் போதுமாயிருந்தன. பின்னதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. சட்டம் வேலியிட்டது, அறிவியல் காரணம் சொன்னது, எனினும், ஆர்வலர் கூட்டமே தன் சுவட்டுக்குத் தான் பொறுப்பு என்று ஏற்ற நாளில்தான் ஏரிக்கரை தூய்மை பெறத் தொடங்கியது.

இப்பாடம் வண்டி ஓட்டுவோர்க்கு மட்டும் உரியதன்று. பள்ளிச் சுற்றுலாவில் அருவிக்கரைக்குச் செல்லும் மாணவனும், மலையேறும் இளைஞர் குழுவும், கடற்கரையில் கூடும் குடும்பமும் ஏதோ ஒரு சுவட்டை விட்டே திரும்புகின்றனர். அச்சுவடு எத்தகையது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுவது ஆசிரியர்தம் கடமை. பின்னர் வருவோர்க்கும் அந்நிலம் நிலமாகவே இருக்குமாறு சென்று வருதலே நல்ல பயணம்.